99 சதவீதம் எதில் 99?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோய் உண்டாக்கும் பூஞ்சைகளை மரபணு வேறுபாட்டைக் கொண்டு வகைப்படுத்துவது பற்றித் தங்கள் அறிவியல் பகுதியில் வந்த கட்டுரை எளிமையாக இருந்தது. ஆனால் "99 சதவீதம் பொருந்தினால் அதே சிற்றினம்தான்" என்ற வரியை அப்படியே விட்டுவிட முடியாது. நோயாளிக்கு எந்த மருந்து என்பது வரை போய் நிற்கிற வரி அது.

அந்த 99 எதில் 99? ஆய்வகங்கள் வழக்கமாகப் படிப்பது ஐ.டி.எஸ். என்ற பகுதியை. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களுக்கு இடையே கிடக்கும் இதன் நீளம் பெரும்பாலும் 500 முதல் 700 எழுத்து. (கார இணையைத்தான் எழுத்து என்கிறோம்.) பூஞ்சைகளை அடையாளம் காணும் பொது பார்கோடாக 2012இல் முன்வைக்கப்பட்டதும் இதுதான். 600 எழுத்தையும் ஒப்பிட்டு 99 வந்தால் ஆறு எழுத்து வேறுபாடு. கணினி 250 எழுத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு அதே 99ஐக் காட்டினால், மீதி 350 பற்றி அந்த எண் எதுவுமே சொல்லவில்லை. வேறுபடும் எழுத்துகள் வரிசையின் இரு முனைகளில் இருந்தால் பெரும்பாலும் எழுத்துகளைப் படிக்கும் கருவியின் தடுமாற்றம்தான். முனைகளில் முப்பது நாற்பது எழுத்தை வெட்டிவிட்டுத்தான் ஒப்பிட உட்கார வேண்டும்.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் உண்டு. பொதுத் தரவுத்தளங்களில் தவறான பெயரோடு கிடக்கும் வரிசைகள் ஏராளம். அந்தச் சிற்றினத்துக்குப் பெயரிட்டபோது சேமித்து வைத்த மூல மாதிரியின் வரிசையோடு பொருந்தினால் நம்பலாம். பட்டியலில் முதலில் நிற்கும் பெயரை அப்படியே எடுத்து எழுதுவது அவசர வேலை.

தவறு அதற்கும் முன்பே, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் மேசையிலேயே தொடங்கிவிடும். பூஞ்சையின் சுவர் கைட்டினும் குளூக்கனும் சேர்ந்த கெட்டிச் சுவர். பாக்டீரியாவுக்குப் போதுமான கரைசல் இதற்குப் போதாது. அரை மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் குலுக்கி உடைக்க வேண்டியிருக்கும். கறுப்பு நிறப் பூஞ்சைகளில் மெலனினும் டி.என்.ஏ.வோடு கூடவே வந்து, டி.என்.ஏ.வைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் பி.சி.ஆர். வினையை அடக்கிவிடும். பெருகியதைக் காட்டும் பட்டை ஜெல்லில் தெரியாவிட்டால் உடனே டி.என்.ஏ.வைக் கூட்டக் கூடாது. பத்து மடங்கு நீர்த்துப் பார்த்தால் பல சமயம் வந்துவிடும். டி.என்.ஏ. சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்று ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும். காற்றில் மிதக்கும் பெனிசிலியம் வித்து ஒன்று விழுந்தாலும் 35 சுற்றில் அது பெருகி நிற்கும்.

கருவி தரும் நான்கு நிறக் கூம்பு வரைபடத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுத்துகளை மட்டும் நகலெடுப்பதும் ஆபத்து. முதல் 200 எழுத்து தெளிவாக ஓடி, அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் இரண்டிரண்டு கூம்பு எழுந்தால், ஒரே பூஞ்சைக்குள் இருக்கும் ஐ.டி.எஸ். பிரதிகளில் சிலவற்றில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கக்கூடும். மறுமுனைப் பிரைமரால் (படிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டால்) படித்தால் அந்த இடம் வரை தெளிவாக வரும். ஐ.டி.எஸ். தொடங்கியதுமே இரட்டைக் கூம்பு என்றால் வளர்ப்புத் தட்டில் இரண்டு பூஞ்சை இருக்கிறதா என்று சந்தேகித்து மறுபடி பிரித்து வளர்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஐ.டி.எஸ். கைவிடும் இடங்கள் உண்டு. 2005இல் தனியாகப் பிரிக்கப்பட்ட அஸ்பெர்ஜில்லஸ் லென்டுலஸ் என்ற பூஞ்சை, அதே பேரினத்து ஃபியூமிகேட்டஸின் நெருங்கிய உறவு. ஐ.டி.எஸ்.ஸை நம்பி இரண்டையும் பிரிக்க முடியாது; பீட்டா டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணுவைப் படிக்க வேண்டும். (48 டிகிரியில் வைத்துப் பார்ப்பது செலவில்லாத முன்சோதனை: ஃபியூமிகேட்டஸ் வளரும், லென்டுலஸ் வளராது.) வோரிகோனசோல் போன்ற அசோல் மருந்துகளுக்கு லென்டுலஸ் எளிதில் பணியாது என்பதால் இந்தப் பிரிப்பு வெறும் பெயர்ச் சண்டை அல்ல.

இதற்கு நேர்மாறு கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. அதன் மரபுத்தொகுதி சுமார் ஒன்றேகால் கோடி எழுத்து. அதன் கிளைகளுக்கிடையே பல்லாயிரம் எழுத்து வேறுபடுகிறது. ஆனாலும் எல்லாம் ஒரே சிற்றினம். ஆக, இத்தனை எழுத்து மாறினால் தனிச் சிற்றினம் என்ற அளவுகோலே கிடையாது.

பிறகு எல்லையை எப்படித்தான் போடுவது? ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மரபணுக்களுக்குத் தனித்தனியே வம்ச மரம் வரைந்து பார்ப்பார்கள். எல்லா மரங்களும் அதே மாதிரிகளை அதே குழுவில் சேர்த்தால் அந்தக் குழுக்கள் வெகுகாலமாகக் கலக்கவில்லை என்று பொருள். ஒரு மரத்தில் சேர்ந்தவை இன்னொன்றில் பிரிந்தால் அவை இன்னும் மரபணு மாற்றிக்கொள்கின்றன. ஒரே சிற்றினமாகவே வைக்கலாம். இதிலும் ஓட்டை உண்டு. பாலினக் கலப்பே இல்லாமல் நகல் நகலாகப் பெருகும் பூஞ்சையில் எல்லா மரங்களும் எப்படியும் ஒத்துப்போகும். ஒவ்வொரு நகல் வம்சமும் தனிச் சிற்றினம் போலத் தோன்றும்.

கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைப் பேரினம் பற்றிய சர்ச்சை இதில்தான் சிக்கிக் கிடக்கிறது. அதில் நியோஃபார்மன்ஸ் சிற்றினத்தின் ஒரு வகையாக இருந்த 'காட்டியை' (gattii) 2002இல் தனிச் சிற்றினமாக உயர்ந்தது. 2015இல் இரண்டையும் சேர்த்து ஏழு சிற்றினமாகப் பிரிக்கலாம் என்றார்கள். 2017இல் மற்றொரு குழு, இப்போதைக்குச் "சிற்றினத் தொகுப்பு" என்றே அழைப்போம் என்று எதிர்வாதம் வைத்தது. இரண்டாவது யோசனைதான் மருத்துவமனைக்கு உகந்தது என்பது எங்கள் கருத்து.

கடைசியாக ஒன்று. பெயர் கிடைத்துவிட்டால் மருந்து எதிர்ப்பும் தெரிந்துவிட்டது என்று கட்டுரை சொல்லாமல் சொல்கிறது. படர்தாமரையை உண்டாக்கும் ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே 2020இல் பெயர் பெற்றது. டெர்பினஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காததற்குப் பேர்போன பூஞ்சை. ஆனால் கையிலிருக்கும் மாதிரி அடங்காததா என்று முடிவுசெய்ய, அந்த மருந்து குறிவைக்கும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியின் மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும், ஐ.டி.எஸ். அதைச் சொல்லாது.

அறிக்கையில் வெறும் சதவீதம் போதாது. எந்த மரபணு, எத்தனை எழுத்து ஒப்பிடப்பட்டது, எந்த மூல மாதிரியோடு என்ற மூன்றும், பெயர் அண்மையில் மாறியிருந்தால் பழைய பெயரும் இருக்க வேண்டும். ஆரிஸை 2024இல் கேண்டிடோசைமா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய பெயர் இல்லாமல் அது அறிக்கையில் வந்தால் வார்டில் இருப்பவர் வேறு ஏதோ பூஞ்சை என்றே நினைப்பார்.

இப்படிக்கு,
மருத்துவப் பூஞ்சையியல் ஆய்வகப் பணியாளர்கள்