செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் 12இல் 11 நடந்தன. ஒன்று மழையால் நின்றது. செயற்குழு 6 முறை கூடியது. மறைந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம். ஆண்டு விழா குறித்த நாளில் நடந்தது. புதிதாக 7 பேர் சேர்ந்தார்கள். சென்ற ஆண்டுப் பொதுக்குழுத் தீர்மானங்கள் மூன்றில் இரண்டு நிறைவேறின.

புத்தகப் பிரிவு. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்து. அவற்றில் முதலாவது, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை நம்பித்தான் ஆண்டின் தொடக்கத்தில் அலமாரிப் பூட்டை எடுத்தோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நோட்டில் பெயரை எழுதினால் போதும் என்று வைத்தோம். எடுத்துப்போவது இருமடங்கானது. ஆனால் 34 புத்தகங்கள் இன்னும் திரும்பவில்லை. திரும்பிய ஒன்றில் கடைசி அத்தியாயத்தின் மூன்று தாள்கள் எண்ணெய் பட்டு ஒட்டியிருந்தன. கொடுத்தவர் தயங்கியபடியே, "அடுப்படியில் வைத்துப் படித்தேன், மன்னிக்கணும்" என்றார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அடுப்பு எரியும்போதும் கீழே வைக்க மனம் வராமல் ஒருவர் படித்திருக்கிறாரே! வருத்தம் திரும்பாத 34இல்தான். கூட்டத்தில் பாதிவரை வாசித்துக் காட்டிய ஒரு நாவலின் மீதியைப் படிக்க ஓர் உறுப்பினர் நான்கு முறை வந்து அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது ரங்கநாதனின் இரண்டாம் விதி. அவருடைய புத்தகம் எட்டு மாதமாக வேறொருவர் வீட்டில் இருக்கிறது.

சமையல் பிரிவு. வீட்டுக் கைப்பக்குவங்களைத் தொகுக்கும் நோட்டில் 41 குறிப்புகள் சேர்ந்துள்ளன. பெரும்பாலானவற்றில் 'உப்பு: தேவையான அளவு' என்றே இருந்தது. ஒரு கூட்டத்தில் சமையல் தராசு கொண்டுவந்து, நான்கு பேருக்கான ஒரு பாத்திரத்துக்கு வழக்கமாகப் போடும் உப்பை ஐந்து பேரைக் கிண்ணத்தில் எடுக்கச் சொன்னோம். குறைந்தது 7 கிராம், கூடியது 16 கிராம். ஐந்து பேருமே தங்கள் கை அளவானது என்று நம்பியிருந்தவர்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேருக்கு 20 கிராம். அதுவும் அன்றைய எல்லா வேளைக்கும் சேர்த்து. 16 கிராம் எடுத்த உறுப்பினர் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து நோட்டில் எல்லாம் கிராமிலும் கரண்டியிலும்தான்: தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி.

இனி நடைப் பேச்சு, அதாவது சேர்ந்து நடந்தபடியே பேசுவது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். யோசனை என்னுடையது, ஆகவே பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

ஆண்டுத் தொடக்கத்தில் நாளைக்கு 10,000 அடி என்று இலக்கு வைத்தோம். இரண்டாம் மாதமே பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். 4,000 அடியோடு நின்ற நாட்களில் தோற்றுப்போன மாதிரி இருந்தது என்று ஒருவர் சொன்னார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அந்த எண் அப்படிப் பரவியதுதான், மருத்துவ ஆய்வு தந்த வரம்பு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. சரி, நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று மாற்றினோம். மிதமான வேகத்துக்கு எளிய அடையாளம் உண்டு: பேச முடியும், பாட முடியாது.

பேச முடியும் என்றால் அரசியலையே பேசலாமே என்று தோன்றியது. முந்தைய ஆண்டு அரங்கத்தில் நடந்த அரசியல் விவாதங்கள் எப்படி முடிந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்; குரல் ஏறியது; இருவர் வருவதையே நிறுத்தினார்கள். நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் முறைக்க வழியில்லை. ஒரு விதி மட்டும் வைத்தேன். மறுப்பதற்கு முன் அடுத்தவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்ற பிறகே பதில்.

கட்டாய வாக்களிப்பு பற்றிப் பேசிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1924இலேயே நாடாளுமன்றத் தேர்தலுக்கு அதைச் சட்டமாக்கிவிட்டார்கள், நாம் ஏன் தயங்க வேண்டும் என்றார் ஒருவர். வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு கருத்துதான், அபராதம் போட்டு அதைப் பறிக்கக் கூடாது என்றார் மற்றவர். இருவரும் அரங்கத்தில் சண்டையிட்டுப் பிரிந்த அதே இருவர். நடுவழியில் ஒருவருக்குச் செருப்பு வார் அவிழ்ந்தது. அவர் குனிந்து மாட்டும்வரை மற்றவர் அவருடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வாதத்தை விடாமல் தொடர்ந்தார். யாரும் யாரையும் மாற்றவில்லை. ஆனால் அடுத்த வாரமும் இருவரும் வந்தார்கள்.

மன்றத்துக்குள் அரசியல் எதற்கு என்று செயற்குழுவில் சிலர் கேட்டார்கள். நம் விதிமுறை கட்சிப் பிரச்சாரத்தைத்தான் தடுக்கிறது, பேச்சைத் தடுக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் இங்கே கொடி பிடித்ததில்லை. இதில் நான் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதல் நடைக்கு 31 பேர் வந்தார்கள். ஆண்டு முடிவில் 9 பேர். வராததைவிட, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராததுதான் அதிகம் வலித்தது. ஒரு சமையல் கூட்டத்துக்கு 22 பேர் வருவதாகச் செய்தி அனுப்பினார்கள். 6 பேர் வந்தார்கள். சமைத்தது 22 பேருக்கு. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பதால், அந்த ஆறு பேரும் டப்பாக்களில் பிரித்து ஓட்டமும் நடையுமாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உறுப்பினர் ஒருவர் வீட்டில் கதவு திறந்தது, டப்பாவை வாங்கிக்கொண்டார், ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வர முடியாது என்று ஒரு வரி முன்கூட்டியே அனுப்பியிருந்தால் போதும்.

சந்தா. 58 உறுப்பினர்களில் 23 பேர் முழுதாகச் செலுத்தியுள்ளார்கள். மூன்று நினைவூட்டல்கள் அனுப்பியாயிற்று. அப்புறம் நேரிலும் போனேன். கடன் கேட்க வந்தவரைப் போல வாசலில் நிற்பது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டத்தில் இருப்பவர்கள் என்னிடம் தனியே சொல்லலாம். செயற்குழு விலக்கு அளிக்கும், வெளியே பேச்சு போகாது. மற்றவர்கள் மறந்திருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு சென்ற ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய அதே அளவு. இடைவெளியைச் செயற்குழுவினர் சிலர் முன்பணமாகத் தந்து சமாளித்தார்கள். அது இன்னும் திருப்பித் தரப்படவில்லை.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் வழிகாட்டிய தலைவருக்கும், கணக்கை ஒழுங்காக வைத்த பொருளாளருக்கும், அரங்கம் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்த இளைஞர்களுக்கும், தராசு கொடுத்த உறுப்பினருக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பொறுப்பில் எனக்கு இது மூன்றாவது ஆண்டு. புதியவர் வந்தால் நோட்டுகளையும் சாவியையும் மகிழ்ச்சியோடு கொடுப்பேன், கூட இருந்து உதவியும் செய்வேன். மனு இதுவரை ஒன்றும் வரவில்லை. யாரும் வராவிட்டால் நானே தொடரத் தயார். நடைப் பேச்சுக்கு வாரம் 15 பேராவது வேண்டும். இல்லாவிட்டால் மாதம் ஒரு முறை என்று குறைக்க வேண்டிவரும். 34 புத்தகங்களில் பாதியாவது வராவிட்டால் அலமாரிக்கு மறுபடி பூட்டுப் போடச் செயற்குழு சொல்கிறது. பூட்டு என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க எனக்கு விருப்பமில்லை.

ரசீதுப் புத்தகம் நுழைவாயில் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் புத்தகங்கள் போட ஒரு பெட்டியும் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்து கடைசி ஆள் கிளம்பும்வரை அங்கேதான் இருப்பேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்