பகிர்வதற்கு ஒரு தொகுப்பு கொடுங்கள்: புகைப்படக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்முறைப் புகைப்படக் கலைஞர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் மாமாவுடன் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒரே தம்பி, தூர தேசத்தில் இருப்பவர். பேச்சின் நடுவே எழுந்து போனவர், சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் கழற்றி வந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார். "அக்கா படம். பெரிசா பிரிண்ட் போட்டு மாட்டிட்டேன், பாரு" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் படத்தில் அம்மாவின் நெற்றியில் தொடங்கி, கன்னம் வழியாகத் தோள் வரை ஸ்டுடியோவின் பெயர் சாய்வாக ஓடியது. கண்ணோரச் சுருக்கங்கள் எல்லாம் மெழுகு பூசியதுபோல் அழிந்திருந்தன. கீழ் விளிம்பில் டவுன்லோடு அம்புக்குறி ஒன்று பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. அம்மா தன் போனில் எடுத்து அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் அது. அதைத்தான் மாமா 12 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சடிப்பதற்கான பெரிய படங்களைக் கொடுக்கும்போது, இணையத்தில் பகிர்வதற்கென்று அளவாகச் சிறிதாக்கிய இன்னொரு தொகுப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எடுத்த படங்கள் அவை. அதற்கு முன் அவருக்கென்று ஒரு நல்ல படம் கிடையாது. அடையாள அட்டைக்கு எடுத்தவையும், கூட்டத்தில் ஓரமாக நின்றவையும்தான் இருந்தன. பேசிய தொகை முழுவதையும் கொடுத்த பிறகு எங்களுக்கு ஒரு லிங்க் வந்தது. 400 படங்கள், ஒவ்வொன்றும் 12 எம்பி. மொத்தமாக எடுக்க ஒரே ஜிப் ஃபைல், ஏறக்குறைய 5 ஜிபி. முப்பது நாளில் லிங்க் போய்விடும் என்று ஒரு வரி. பார்வைக்கு வைத்திருந்த படங்கள் எல்லாவற்றின் மேலும் வாட்டர்மார்க், அதாவது குறுக்கே ஓடும் ஸ்டுடியோ பெயர். நான் கம்ப்யூட்டரில் இறக்கினேன். இரண்டு முறை பாதியில் அறுந்து, மூன்றாவது முறைதான் முழுதாக வந்தது. அம்மாவிடம் இருப்பது ஒரு போன் மட்டும். அந்த லிங்க்கைத் திறந்து, டவுன்லோடை அழுத்தி, இடமில்லை என்று போன் சொன்னதும், தனக்குத் தெரிந்த வழியில் படத்தை எடுத்துக்கொண்டார். நாற்பது பேருக்காவது அனுப்பியிருப்பார். இன்று உறவில் யார் போனைத் திறந்தாலும் அம்மா முகத்தின் மேல் அந்த எழுத்து இருக்கிறது.

மாமா வீட்டுப் படத்தைப் பற்றி நான் சொன்னபோது அம்மா கேட்டது இது: "அந்த எழுத்து தானா வந்துடுச்சு. எனக்குத்தான் சரியா எடுக்கத் தெரியலையா?"

தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கூனிக் குறுகி அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் இன்னும் அவருக்கு முழுதாகப் பிடிபடவில்லை. நாற்பது வயதில் இருக்கும் எனக்கே பிக்சல் கணக்கு, அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகளின் கணக்கு, புரிய ஒரு நாள் ஆனது.

அந்தக் கணக்கையும் சொல்கிறேன். உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்றால் ஒரு படம் 6000-க்கு 4000 பிக்சல். நிமிர்த்திப் பிடித்த போனின் திரை பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம். படுக்கை வாக்கிலான படத்தை அதில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் கிடைப்பது 1080-க்கு 720. நீங்கள் எடுத்ததில் நூற்றுக்கு மூன்று பங்கு சொச்சம்தான் மிஞ்சுகிறது. அதை 12 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல். நல்ல அச்சுக்கு 300 வேண்டும் என்று நீங்களே சொல்வீர்கள். நீங்கள் ஒளியமைத்து, காத்திருந்து, அம்மாவைச் சிரிக்க வைத்து எடுத்த படத்தில் 97 பங்கு மாமா வீட்டுச் சுவருக்குப் போய்ச் சேரவே இல்லை. மிச்சம் இருப்பதன் மேல் உங்கள் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் உங்கள் வேலையைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

சிறிய தொகுப்பு செய்வது கடினமான வேலையும் இல்லை. நீளமான பக்கம் 2048 பிக்சல், திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளி, ஜேபெக் ஃபைல். நீங்கள் எடிட் செய்யும் மென்பொருளிலேயே ஒருமுறை அமைத்து வைத்துவிட்டால் 400 படங்களும் தானாக வெளியே வரும். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 1 எம்பிக்குள் அடங்கும். 5 ஜிபி எங்கே, 400 எம்பி எங்கே! அம்மாவின் போனே அதைத் தாங்கியிருக்கும். நிறவெளியை ஏன் சொல்கிறேன் என்றால், அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிறவெளியில் விட்ட படங்கள் சில செயலிகளில் வெளிறிப் போய்த் தெரியும். நாங்கள் அதைப் பார்த்து, நிறமே சரியில்லை என்று உங்களைத்தான் குறை சொல்வோம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு என்னிடம் சாட்சியே இருக்கிறது. எங்களுக்கு லிங்க் வருவதற்கு நான்கு நாள் முன்பே, அம்மாவின் அதே படம் அந்த ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்துவிட்டது. சரியான அளவு, சரியான நிறம், கண்ணில் விழுந்த வெளிச்சம் வரை தெளிவு. பெயர் மட்டும் ஒரு மூலையில் சின்னதாக. அவ்வளவு அழகாக ஒரு படத்தைத் தயார் செய்யத் தெரிந்தவர்கள், படத்துக்கு உரிய மனுஷிக்கு ஏன் அதைக் கொடுக்கவில்லை?

சொல்லத் தொடங்கியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தைப் போடலாமா என்று அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு வரியில் இருந்திருக்கலாம். பிறந்த குழந்தைகளின் படங்களைக்கூட இப்படித்தான் பெற்றோர் பார்ப்பதற்கு முன்பே ஊர் பார்க்கிறது. "காப்புரிமை எங்களுடையது" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். பல நாடுகளில் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, சில நாடுகளில் வேறு மாதிரியும் இருக்கிறது. நான் அந்த வழக்குக்கு வரவில்லை. காப்புரிமை உங்களிடமே இருக்கட்டும். ஆனால் முகம் எங்களுடையது. போடுவதற்கு முன் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் பக்கத்து வருத்தமும் எனக்குத் தெரியும். படத்தைக் கொடுத்தால் அச்சு ஆர்டர் வராது, யாரோ திருடுவார்கள், எங்களில் சிலர் அதன் மேல் கண்டபடி ஃபில்டர் போட்டு உங்கள் நிறங்களைக் கெடுக்கிறோம், உங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போடுகிறோம். எல்லாம் உண்மை. ஆனால் 2048 பிக்சல் படத்தை 300 கணக்கில் அச்சடித்தால் 7 அங்குலம்கூட வராது. பெரிய பிரிண்டுக்கும் ஆல்பத்துக்கும் உங்களிடம்தான் வர வேண்டும். சிறிய தொகுப்பு உங்கள் தொழிலுக்கும் காவல்தான். முகத்தைக் கிழித்துக்கொண்டு போகும் வாட்டர்மார்க் அந்தக் காவலைச் செய்வதில்லை. எங்கள் வீட்டில் அது ஸ்க்ரீன்ஷாட்டையும் தடுக்கவில்லை, அச்சடிப்பதையும் தடுக்கவில்லை. பணம் கொடுப்பதற்கு முன் தேர்வுக்குக் காட்டும் படங்களில் அது இருக்கட்டும். பணம் வந்த பிறகும் எதற்கு?

பெயர் வேண்டுமென்றால் மூலையில் சின்னதாகப் போடுங்கள், நாங்கள் வெட்ட மாட்டோம். படத்துக்குள் பொதிந்து வைக்கும் பெயரையும் விவரங்களையும் பல சமூக வலைத்தளங்கள் ஏற்றும்போதே கழற்றிவிடுகின்றன, அதனால் கண்ணுக்குத் தெரியும் பெயர் தேவைதான். உங்கள் பக்கத்தின் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், பகிர்கிற ஒவ்வொரு முறையும் போடுவோம். பெயர் போடாதவர்களில் பலருக்கு எப்படிப் போடுவது என்றே தெரியாது.

அந்த லிங்க்கோடு நான்கு வரிக் குறிப்பு ஒன்றும் இருந்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும். இந்த ஃபோல்டர் அச்சுக்கு, இந்த ஃபோல்டர் பகிர்வதற்கு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அசல் அப்படியே போக வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போனில் இருப்பவர்கள் ஜிப் ஃபைலைத் தொட வேண்டாம், ஒவ்வொரு படமாகவும் எடுக்கலாம். லிங்க் இந்தத் தேதியில் முடியும், அதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு தடவை நினைவூட்டுவோம். அம்மா கையில் இப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பார். ஃபைல்களுக்கு கேமரா தானாக வைக்கும் டிஎஸ்சி 0412 என்ற மாதிரிப் பெயர் இருப்பதையும் மாற்ற முடியுமென்றால் மாற்றுங்கள், அது பெரிய விஷயம் இல்லை.

இதைத் தனிச் சேவையாக்கிக் கூடுதல் கட்டணம் வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு படத்தை இன்று பெரும்பாலானவர்கள் போனில்தான் பார்க்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் பார்க்கும் வடிவத்தில் படத்தைக் கொடுப்பது, படம் எடுத்துக் கொடுக்கும் வேலையின் ஒரு பகுதி. ஒன்றிரண்டு பேர் இப்போதே அப்படிக் கொடுக்கிறார்கள். தோழி ஒருத்திக்குக் கிடைத்த தொகுப்பைப் பார்த்துத்தான் எனக்கே இப்படியும் செய்யலாம் என்று தெரிந்தது. அவர்களுக்கு என் நன்றி.

மற்றவர்களிடம் மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். அடுத்த வாடிக்கையாளருக்கு லிங்க் அனுப்பும்போது அதற்குள் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கட்டும். இரண்டாவது ஃபோல்டர், எழுபது வயதுக்காரர் ஒருவர் தன் போனிலேயே திறந்து, தம்பிக்கு அனுப்பக்கூடியதாக இருக்கட்டும்.

அம்மாவின் அசல் படத்தை மாமாவுக்கு நேற்று டாக்குமென்ட்டாக அனுப்பிவிட்டேன். பழைய பிரிண்டைக் கழற்ற அவருக்கு மனசு வரவில்லையாம், புதியது வரும்வரை அதுவே இருக்கட்டும் என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்