தாழியைப் பதிவு செய்யுங்கள், நிலத்தை உழவரிடமே விடுங்கள்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டா வயல்களில், எந்தப் பட்டியலிலும் ஏறாமல் கிடக்கும் ஈமக்காடுகளுக்காக, அதாவது பழங்காலத்தவர் இறந்தவர்களைத் தாழி என்னும் பெரிய மண்பானையில் வைத்துப் புதைத்த இடங்களுக்காக, இதை எழுதுகிறேன்.

சம்பா அறுவடைக்குப் பிறகு, மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 வரை எங்கள் நிலங்கள் காய்ந்து கிடக்கும். கோடை உழவில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் மேலே வரும். திடலைச் சமன்படுத்தப் பொக்லைன் இறங்கினால் சில இடங்களில் தாழியின் விளிம்பு வட்டமாகத் தெரியும். பொழுது சாய்வதற்குள் அது நொறுங்கி வரப்போரம் குவிந்துவிடும். உள்ளே இருந்த எலும்பும் இரும்புத் துண்டும் எந்த மட்டத்தில் எப்படி இருந்தன என்ற செய்தி ஒருமுறை கலைந்தால், எந்த ஆய்வகத்தாலும் அதை மீட்க முடியாது.

உழவர் அதை உடைப்பது அச்சத்தால். தாழி கிடைத்தது வெளியே தெரிந்தால் நிலம் போய்விடும் என்பது ஊர்ப்பேச்சு. எண்ணெய்க் கிணறுகளும் எரிவாயுக் குழாய்களும் வயலுக்குள் வந்ததைப் பார்த்த மக்கள் இவர்கள். அந்த அச்சத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம், சித்தன்னவாசலில் பழைய ஈமக்குழிகளைச் சுற்றி வைத்த கல்வட்டங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. எங்கள் வண்டலில் கல் கிடையாது. ஒரு மேடு, கொஞ்சம் ஓடு, இவ்வளவுதான் அடையாளம். 2006-இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் ஓர் ஆசிரியர் தம் தோட்டத்தில் குழி வெட்டியபோது வழவழப்பான கற்கோடரி கிடைத்தது. அதில் இருந்த குறிகள் சிந்துவெளி எழுத்துகள் என்றார் பழைய எழுத்துகளை ஆய்ந்த அறிஞர் ஐராவதம் மகாதேவன். அந்த வாசிப்பை ஏற்காதவர்களும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: கல்லே இல்லாத ஊருக்கு அந்தக் கல்லை யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த ஆசிரியர் அதைத் தூக்கி எறியாமல் காட்டியதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரியும்.

ஆகவே முதலில் எழுத்தில் ஓர் உறுதி கொடுங்கள். ஓர் இடத்தைப் பதிவேட்டில் குறிப்பது வேறு, தொல்லியல் சின்னங்களுக்கான 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிப்பது வேறு என்பதை உழவருக்குப் புரியும் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். பதிவுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். புல எண், செல்பேசி காட்டும் இருப்பிடம், அளவுகோல் வைத்து எடுத்த படம், ஓட்டின் நிறம், தெரிந்த ஆழம் ஆகியவை போதும். தோண்டக் கூடாது, எதையும் எடுத்துப்போகக் கூடாது. உள்ளூர் ஆசிரியர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் பயிற்சி அளித்தால் செய்துவிடுவார்கள். நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வரப்பில்கூடக் கால் வைக்க வேண்டாம். புதையல் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சரியான இருப்பிடம் துறையின் கோப்பைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

மேட்டைச் சமன்படுத்தியே ஆக வேண்டிய உழவரும் உண்டு. அவர் தகவல் சொன்னால் சில நாட்களுக்குள் ஆள் வந்து தாழியை முறைப்படி எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னால் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

வரும் மே 1 கிராம சபைக் கூட்டங்களுக்கு உங்கள் அலுவலர்களை அனுப்புங்கள். குறுவைக்குத் தண்ணீர் வருமுன் ஒரு மாதமாவது கையில் இருக்கும்.

இப்படிக்கு,
டெல்டா உழவர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்