சுவரில் பென்சில் கோடு

திருச்சி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. பக்கவாதம் வந்து மூன்று மாதமாகியும் அண்ணன் எழுந்து உட்கார மனமில்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். என் தோள்பட்டைக் கதையை உனக்கு முழுசாகச் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

போன வருடம் ஆடியில் வலது தோள் பிடித்துக்கொண்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். மூட்டைச் சுற்றியிருக்கிற உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. வலிக்கிறதே என்று கையை மடியிலேயே வைத்திருந்தேன். அசைக்காததால் இன்னும் இறுகியது. கொடியில் துணி போட முடியவில்லை. தலைகூட மருமகள்தான் வாரிவிட்டாள். ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும். தூக்கமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். உன் மகள் வளைகாப்புக்கு வராததும் இதனால்தான். காய்ச்சல் என்று பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்.

பிசியோதெரபிக்குப் போன முதல் நாள், வலியைப் பற்றி விசாரித்துவிட்டு அந்தப் பெண், "எதைச் செய்ய முடியலைன்னு ரொம்ப வருத்தம்மா?" என்று கேட்டாள். பின்னல் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "சரிம்மா, அதுக்காகவே செய்வோம்" என்றாள். முதலில் வெந்நீர் ஒத்தடம். அப்புறம் மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி தொங்கவிட்டு ஆட்டுவது. அப்புறம் சுவரில் விரல்களை எறும்பு ஊர்கிற மாதிரி மேலே ஏற்றுவது. இழுக்கிற வலி பரவாயில்லை, சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அதிலேயே பாதி பயம் போனது. விரல் எட்டின இடத்தில் வாராவாரம் பென்சிலால் கோடு போட்டேன். முதல் கோடு என் தாடை உயரம்தான். மூன்றாவது கோடு இரண்டாவதற்கு மேலே ஒரு நகக்கண் அளவு. அன்று ராத்திரி எத்தனையோ நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். ஏழாவது மாதம் நானே பின்னிக்கொண்டேன். கோணலாகத்தான் இருந்தது. அவிழ்க்க மனமில்லாமல் அப்படியே கோவிலுக்குப் போய்வந்தேன்.

அண்ணனுடையது என்னுடையதைவிடப் பெரிய கஷ்டம், தெரியும். ஆனால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யச் செய்யத்தான் மூளை அதை மறுபடி கற்றுக்கொள்கிறது. படுத்தே கிடந்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடும். அவருக்குத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது எவ்வளவு பிடிக்கும்! அதைச் சொல்லியே தொடங்கச் சொல். எழுப்பும்போது வாதத்தில் விழுந்துபோன கையைப் பிடித்து மட்டும் இழுக்காதே, தோள் மூட்டு நழுவும். யாரோடும் பேசாமல் இருப்பதையும் டாக்டரிடம் தவறாமல் சொல். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது பிடிவாதம் இல்லை, அதற்கும் சிகிச்சை உண்டு.

வண்டி வைத்து அழைத்துப் போக முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே போய்ப் பெயர் கொடு.

பொங்கல் முடிந்ததும் வருகிறேன், நாலு நாள் தங்குவேன். நீயும் இந்த மூன்று மாதமாகச் சரியாகத் தலை வாரியிருக்க மாட்டாய். பள்ளிக்கூட நாளில் போல உன்னை உட்காரவைத்து நான் பின்னிவிடுகிறேன். இப்போது கை நன்றாகவே எட்டுகிறது.

அன்புடன்,
உன் தோழி