ஓரமாக நிற்கும் பிள்ளையைப் பற்றி, தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பாப்பாவின் ஆசிரியை சொன்னதை நீ போனில் சொன்ன விதத்திலேயே உன் கவலை தெரிந்துவிட்டது. "இடைவேளையில் மற்ற பிள்ளைகளோடு சேருவதில்லை, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்" என்று அவர் சொன்னார். உன் காதில் அது "உங்கள் பெண்ணிடம் ஏதோ குறை" என்று விழுந்திருக்கிறது. போனில் அரைகுறையாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நின்று பார்க்கிற பிள்ளை சும்மா இருக்கிறாள் என்று நினைக்காதே. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மழலையர் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து, அவர்கள் ஒருவரோடொருவர் சேருகிற விதங்களை 1932-இல் வகை பிரித்து எழுதினார். தனியாக விளையாடுவது, மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பது, பக்கத்திலேயே உட்கார்ந்து தன்பாட்டுக்கு விளையாடுவது, பொருள்களைக் கொடுத்து வாங்கி விளையாடுவது, ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டு ஒரே ஆட்டமாக ஆடுவது என்று போகிறது அந்த வரிசை. பாப்பா செய்வதும் அதில் இருக்கிறது. இதைப் படிக்கட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே பிள்ளை ஒரே நாளில் இந்த எல்லா விதத்திலும் விளையாடும்.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஏற்கெனவே நடக்கிற ஓர் ஆட்டத்துக்குள் புதிதாக ஒரு பிள்ளை எப்படி நுழைகிறது என்று 1980-களில் நிறைய ஆராய்ந்தார்கள். நேரே புகுந்து ஆட்டத்தை மாற்றப் பார்க்கிற பிள்ளையையும், தன்னைப் பற்றியே பேசுகிற பிள்ளையையும் மற்றவர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்து, அவர்கள் செய்வதையே தானும் செய்து, அந்த ஆட்டத்துக்குப் பொருத்தமாக ஒரு வார்த்தை சொல்கிற பிள்ளைக்குத்தான் இடம் கிடைக்கிறது. பாப்பா அதில் முதல் பாதியை நன்றாகவே செய்கிறாள். யார் சொன்னால் யார் கேட்பார்கள், யார் தள்ளிவிடுவார்கள், அவுட் ஆனால் அழலாமா கூடாதா என்பதெல்லாம் அவளுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அடுத்த பாதிக்குத்தான் அவளுக்குக் கை கொடுக்க வேண்டும்.

அவள் சுபாவத்தையும் கணக்கில் எடு. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் தொடங்கி, ஒரு குழந்தைக் கூட்டத்தைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் புதிய இடத்திலும் புதிய ஆட்களிடமும் முதலில் பின்வாங்கி, மெதுவாகப் பழகுகிற பிள்ளைகள். இவர்களை நெருக்கினால் இன்னும் உள்ளே போய்விடுவார்கள். அதற்காகப் புது இடத்துக்கே கூட்டிப்போகாமல் பொத்தி வைத்தாலும் பழகமாட்டார்கள். கூட்டிப் போக வேண்டும், போன இடத்தில் அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும். சொல்வது சுலபம், செய்யப் பொறுமை வேண்டும். தெரிந்தேதான் உன்னிடம் கேட்கிறேன்.

ஆகவே தினமும் பள்ளி விட்டதும் "இன்னைக்கு யாரோட விளையாடினே?" என்று கேட்பதை நிறுத்து. அவளுக்கு அது பரீட்சை, தினமும் தோற்கிற பரீட்சை. "இன்னைக்கு என்ன ஆட்டம் நடந்துச்சு? அதுல எது நல்லா இருந்துச்சு?" என்று கேள். பார்த்ததை எல்லாம் சொல்வாள். அப்புறம் வீட்டில் நீயும் அவளும் அதே ஆட்டத்தை ஆடுங்கள். "நான் பந்து எடுத்துக் குடுக்கட்டுமா?" என்பது போல ஒரு வாக்கியம் அவள் வாயில் தயாராக இருந்தால், நாளைக்கு அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைப்பது எளிது.

காலையில் பள்ளி வாசலில் அவள் அழுவதால், அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே நழுவிப் போகிறாயாமே, அது வேண்டாம். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்து, 2013-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேரிடம் பெரியவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், மறுபாதியிடம் காப்பாற்றவில்லை. பிறகு ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, "நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இன்னொன்று தருகிறேன்" என்றார்கள். ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடம் பொறுத்தார்கள், மற்றவர்கள் 12 நிமிடம். பொறுமை என்று நாம் சொல்வதில் பாதி, எதிரில் இருக்கிற பெரியவரை நம்பலாமா என்பதில் இருக்கிறது. "பயமா இருக்கு இல்ல? மணி அடிச்சதும் இதே இடத்துல நிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. சொன்ன இடத்தில் நில்.

ஆசிரியையைப் பார்க்கப் போகும்போது ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகக் கேட்டு வா. பாப்பா தானாக ஒதுங்கி நிற்கிறாளா, பிள்ளைகள் அவளை ஒதுக்கி வைக்கிறார்களா? பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு வேறு. பக்கத்தில் போனதும் மற்றவர்கள் முகம் திருப்பினால், சிரித்தால், பையை ஒளித்தால், அது அவள் சுபாவம் அல்ல. அந்த வகுப்பில் பெரியவர்கள் உடனே தலையிட வேண்டிய விஷயம். அவளை மாற்றப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்றையும் கவனி. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், சேர்ந்த முதல் மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால், குழந்தைகள் மனநல நிபுணரிடம் காட்ட வேண்டும். அது பிடிவாதம் இல்லை, பதற்றம். சீக்கிரம் பார்த்தால் நல்ல பலன் கிடைக்கும். பாப்பா பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ரகசியம் பேசுகிறாள் என்று நீயே சொன்னாய், அதனால் எனக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. அந்த ஒரு பெண் போதும். கூட்டம் வேண்டியதில்லை. இருவரையும் சேர்த்து நோட்டு அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி ஒரு சின்ன வேலை கொடுக்க முடியுமா என்று ஆசிரியையிடம் கேள்.

எழுத்து வேலை முடிக்கவில்லை என்று சில நாள் பாப்பாவை இடைவேளையில் வகுப்பிலேயே உட்கார வைக்கிறார்களாம். அதற்கு நீ மறுப்புச் சொல்லத்தான் வேண்டும், மரியாதையாகச் சொல். தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-லேயே அறிக்கை விட்டது. பழக நேரம் எடுக்கும் பிள்ளையிடமிருந்து அந்த நேரத்தையே எடுத்துக்கொண்டு, அவள் பழகவில்லை என்று குறிப்பு எழுதினால் எப்படி?

ஆசிரியை என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அக்கா