கட்டை விரல் மேலே இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் வந்த தோள்பட்டைப் பயிற்சிக் கட்டுரையில் எழுத்தில் குறையில்லை, படத்தில்தான் குறை. டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டுவதுபோல, கட்டை விரலைத் தரைப் பக்கம் திருப்பிக் கையை உயர்த்துகிறார் அதிலிருப்பவர். பத்தொன்பது ஆண்டுகளாக நான் பிசியோதெரபிஸ்ட். யாராவது அந்தப் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

தோள்பட்டை எலும்பின் மேல்புறத்தில் இருந்து கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைக்காக இந்த நிலையை 1982-இல் பிரபலமாக்கியவர் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஃபிராங்க் ஜோப். பின்னால் ஈ.எம்.ஜி. (தசையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் சோதனை) வைத்து ஒப்பிட்டபோது, கட்டை விரல் மேலே பார்த்தாலும் அந்தத் தசையில் எழும் மின்துடிப்பு ஏறக்குறைய அதே அளவுதான் என்று தெரிந்தது. கீழே திருப்பினால் கூடுவது, தோளை வெளியே மூடியிருக்கும் டெல்டாய்டு தசையின் துடிப்பு. டெல்டாய்டோ மேற்கை எலும்பை மேலே இழுக்கும். ஏற்கெனவே தசைநாண் உரசி வலிப்பவருக்கு அதுவா வேண்டும்?

படிக்கிற காலத்தில் என் தோளையே சோதனைக்குக் கொடுத்தேன். ஸ்பிரிட்டால் துடைத்து, டெல்டாய்டின் மேல் இரண்டு எலக்ட்ரோடுகள். கை தொங்கும்போது திரையில் கோடு அசையவே இல்லை. பக்கவாட்டில் தூக்கத் தூக்கப் புல் முளைத்ததுபோல் அடர்ந்தது, தோள் மட்டத்தில் திரையே நிரம்பிவிட்டது. "கையை இறக்காமல் முழங்கையை மட்டும் மடக்கு" என்றார் ஆசிரியர். யாரோ புல்லறுத்ததுபோல் சட்டென்று குறைந்தது. அதே கை, அதே எடை; பாரம் தோளுக்குக் கிட்டே வந்தது, அவ்வளவுதான். (சுப்ராஸ்பைனேட்டஸ் கழுத்திலிருந்து முதுகுவரை பரந்த ட்ரப்பீசியஸ் தசைக்கு அடியில் இருப்பதால் அதற்கு ஊசி வழியே மெல்லிய கம்பி செலுத்த வேண்டும். அதற்கு நான் முன்வரவில்லை.)

கட்டுரையின் பெட்டிச் செய்தியில் எந்தத் தசை எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று எண்கள் இருந்தன. கை எந்தக் கோணத்தில் என்பது மட்டும் இல்லை. எதை 100 என்று வைத்தார்கள்? வழக்கமாக முழு பலத்தோடு அழுத்தும்போது வரும் துடிப்பைத்தான் அப்படி வைப்பார்கள்; அதுவே மூட்டின் கோணத்துக்குத் தக்கபடி மாறும். கை நகர்ந்தால் தோலுக்கு அடியில் தசையும் நகர்ந்து, எலக்ட்ரோடு வேறோர் இடத்தின் மேல் நிற்கும். சுருங்கிக் குறுகிய தசை, அதிகத் துடிப்பு காட்டியும் குறைவாகவே இழுக்கும். துடிப்பைப் பலம் என்று படித்தால் தப்பு.

அடுத்த வாரம் படத்தை மாற்றிப் போட முடியுமா? கட்டை விரல் மேலே, கை நேர்ப்பக்கவாட்டிலிருந்து சுமார் 30 டிகிரி முன்னால், தோள் மட்டத்துக்குக் கீழே நிற்கட்டும்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் வாசகி