திங்கள் முதல் கையால டிப்ளாய் (புது கோடை சர்வர்ல ஏத்தறது) வேண்டாமுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி திருப்பூர் பனியன் கம்பெனிக்காரங்க ஆர்டர் பக்கம் நாப்பது நிமிசம் படுத்துக்கிச்சு. கோட்ல தப்பே இல்லை. கையால ஃபைல் ஏத்தறப்போ புது கான்ஃபிக் (அமைப்பு ஃபைல்) மேல பழசு உக்காந்துருச்சு.

இனி மெயின் பிராஞ்ச்ல (எல்லாரோட கோடும் சேர்ற முதன்மைப் பிரதி) கோட் மெர்ஜ் ஆனதும், இந்த வேலைகளைத் தானா செய்யற கிட்ஹப் ஆக்‌ஷன்ஸே டெஸ்ட் ஓட்டி, டாக்கர் இமேஜ் (ஆப்பும் அது ஓடத் தேவையானதும் சேர்ந்த பொட்டலம்) பில்ட் பண்ணி, ஸ்டேஜிங்ல (சோதனை சர்வர்) போட்டுரும். அங்க பார்த்து ஒருத்தர் அப்ரூவ் குடுத்தா அதே இமேஜ் கஸ்டமர் பயன்படுத்தற புரொடக்‌ஷனுக்குப் போகும், மறுபடி பில்ட் கிடையாது. சோதிச்சது ஒண்ணு, ஏறினது ஒண்ணுங்கற பேச்சே வராது. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. இமேஜுக்கு 'லேட்டஸ்ட்'னு டேக் (பேர்ச்சீட்டு) வைக்காதீங்க, கமிட் ஐடி (அந்த கோட் மாற்றத்தோட தனி அடையாளம்) வைங்க.

புது பாட் (ஓடிட்டிருக்கற ஆப்போட ஒரு பிரதி) ரெடினஸ் புரோப்ல (வேலைக்குத் தயாரான்னு பார்க்கற சோதனை) தேறினாத்தான், இந்த பாட்களை நிர்வாகம் பண்ற குபர்னெட்டிஸ் அதுக்கு ட்ராஃபிக் விடும். தேறலைன்னா 10 நிமிசத்துல ரோல்அவுட் (புது வெர்ஷன் ஏத்தற வேலை) ஃபெயில்னு காட்டும், ஆனா தானா பழசுக்குத் திரும்பாது. பழசுக்குத் திருப்பற 'ரோல்அவுட் அண்டூ' கமாண்டை நாமதான் அடிக்கணும். டேட்டாபேஸ் மாத்தினது அதுல திரும்பாதுங்க. அதனால ஃபீல்டை நீக்கற மைக்ரேஷனை (டேட்டாபேஸ் அமைப்பை மாத்தற ஸ்கிரிப்ட்) அடுத்த ரிலீஸுக்குத் தள்ளி வைங்க.

லேப்டாப்ல சர்வர் கீ (சர்வருக்குள்ள நுழையற சாவி ஃபைல்) வெச்சிருக்கறவங்க இன்னிக்கே அழிச்சிருங்க. சந்தேகம்னா ஞாயித்துக்கிழமை காலைல பீளமேடு ஆபீஸ்லதான் இருப்பேன், வந்துருங்க.